வேட்கை தீரும்வரை விடியாத நாள்: சினிமா வழியே ஒரு பௌத்த அறிமுகம்

"எல்லாமே துன்பம் என்று சொல்கிற மதம்தானே அது?" பௌத்தம் என்ற பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பாதிப் பேச்சை மட்டும் கேட்டதால் வரும் கேள்வி இது. புத்தர் சொன்னவை நான்கு உண்மைகள். முதலாவதோடு எழுந்து போய்விட்டால் அப்படித்தான் தோன்றும். மீதி மூன்றையும் புரிந்துகொள்ள, பலரும் பார்த்து ரசித்த சில சினிமாக்களே நல்ல வழி என்று நான் நம்புகிறேன். அவற்றில் பல பௌத்தப் படங்களே அல்ல. ஆனால் மனித மனம் எப்படித் துன்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது, அதிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்பதை நேர்மையாகக் காட்டப் போனால், கதை தானாகவே புத்தர் நடந்த பாதைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

முதலில் அடிப்படை. ஞானம் பெற்ற பிறகு, காசிக்குப் பக்கத்தில் சாரநாத்தின் மான்சோலையில், முன்பு தன்னோடு தவம் செய்த ஐந்து பேருக்குப் புத்தர் சொன்ன முதல் உபதேசத்தில் இந்த நான்கு உண்மைகளும் வருகின்றன. துக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, அது வேட்கை. வேட்கை நின்றால் துக்கமும் நிற்கும். அதை நிற்கச் செய்யும் வழியும் இருக்கிறது; அது எண்வகை நெறி. தமிழில் இதை மணிமேகலையைப் போலச் சுருக்கமாகச் சொன்ன நூல் வேறு இல்லை என்பேன். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் அடைக்கலம் புகுந்த மாதவி, அவர் தனக்குச் சொன்னதைத் தோழி வசந்தமாலையிடம் இப்படிச் சொல்கிறாள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது

துன்பம் உண்டு, பேரின்பமும் உண்டு. முன்னது பற்றினால் வருகிறது, பின்னது பற்று அற்றவர்களுக்குக் கிடைக்கிறது. நான்கு உண்மைகளும் நான்கே அடிகளில் வந்துவிட்டன.

இங்கே துன்பம் என்றால் அழுகையும் நோயும் மட்டும் இல்லை. அதே முதல் உபதேசத்தில் புத்தர் ஒரு பட்டியல் தருகிறார். பிறப்பு, மூப்பு, பிணி, சாவு எல்லாம் துக்கம். பிடிக்காததோடு இருக்க நேர்வது துக்கம். பிடித்ததைப் பிரிவது துக்கம். விரும்பியது கிடைக்காமல் போவதும் துக்கம். பௌத்த மரபு இதை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. நேரடியான வலி ஒன்று. இன்பமாக இருந்தது மாறிப்போவதால் வருவது இன்னொன்று. மூன்றாவது, எல்லாம் நன்றாக இருக்கும்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிலைகொள்ளாமை. பதவி உயர்வு கிடைத்த அன்றே அடுத்த உயர்வைப் பற்றி யோசிக்கிறோமே, அது இந்த மூன்றாவது.

புத்தர் சொன்ன இரண்டு அம்புகளின் உவமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவன்மேல் ஓர் அம்பு பாய்கிறது, வலிக்கிறது. உடனே அவன் மனம் புலம்பத் தொடங்குகிறது, எதிர்க்கிறது, வேறு இன்பத்தைத் தேடி ஓடுகிறது. அது இரண்டாவது அம்பு. ஞானம் பெற்றவருக்கும் முதல் அம்பு வலிக்கும். இரண்டாவது அம்பு மட்டும் அவர்மேல் பாய்வதில்லை. படங்களைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

பிப்ரவரி 2, காலை ஆறு மணி

1993இல் வெளியான 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். பில் கானர்ஸ் பிட்ஸ்பர்க் நகரத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை அறிவிப்பவன். திமிர் பிடித்தவன், யாரையும் மதிக்காதவன். பில் மரே நடித்திருக்கிறார். பென்சில்வேனியாவில் பங்க்ஸடானி என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று நடக்கும் ஒரு வேடிக்கை விழாவைப் படம்பிடிக்க வருகிறான். வளையிலிருந்து வெளியே வரும் ஒரு பிராணி தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீளும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பனிப்புயலால் அன்று ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்குகிறான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேடியோ அலாரம் அடிக்கிறது. அதே பாட்டு, அதே பேச்சு, ஜன்னலுக்கு வெளியே அதே கூட்டம். மறுபடியும் பிப்ரவரி 2. அதற்கு அடுத்த நாளும் அதே நாள்தான். மற்றவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது.

சம்சாரம் என்று பௌத்தம் சொல்லும் பிறவிச் சுழற்சி இப்படி ஒரே நாளுக்குள் சுருங்கிவிட்டது. செத்தாலும் விடுதலை கிடையாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி எழுந்துதான் ஆக வேண்டும்.

இந்தச் சுழலில் பில் கடந்துபோகும் கட்டங்களைக் கவனியுங்கள். வேட்கையைப் புத்தர் மூன்றாகப் பிரித்தார்: புலன் இன்பத்துக்கான வேட்கை, ஏதோவொன்றாக ஆகிவிட வேண்டும் என்ற வேட்கை, இல்லாமலே போய்விட வேண்டும் என்ற வேட்கை. படம் இந்த மூன்றையும் இதே வரிசையில் காட்டுகிறது.

நாளை என்று ஒன்று இல்லை என்று தெரிந்ததும் அவன் முதலில் செய்வது கொண்டாட்டம். மேசை நிறையப் பலகாரங்களை வாங்கி அடைத்துக்கொள்கிறான். வங்கி வண்டியிலிருந்து பணப்பையைத் தூக்குகிறான். நான்சி என்ற பெண்ணிடம் இன்று விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த 'இன்று' பழைய பள்ளித் தோழன்போல நடித்து அவளை மயக்குகிறான். தடை இல்லை, தண்டனை இல்லை, பின்விளைவு இல்லை. நம்மில் பலர் ரகசியமாகக் கனவு காணும் வாழ்க்கை அது. கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு அது சலித்துவிடுகிறது.

அடுத்து ரீட்டா. அவனோடு வந்திருக்கும் தயாரிப்பாளர், நல்ல மனம் கொண்டவள். அவளுக்குப் பிடித்த பானம் எது, அவள் கல்லூரியில் என்ன படித்தாள், எப்படிப்பட்ட ஆணை விரும்புகிறாள் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகச் சேகரிக்கிறான். அவள் மனத்திலிருக்கும் அந்த ஆணாகத் தன்னையே செதுக்கிக்கொள்கிறான். இது உடல் இன்பத் தேட்டத்தைவிட நுட்பமான பசி: இன்னொருவர் கண்ணில் இன்னாராகத் தெரிய வேண்டும் என்ற பசி. ஒவ்வோர் இரவும் எங்கேயோ பொய் வெளுத்துவிடுகிறது, ஒவ்வோர் இரவும் அறை வாங்குகிறான். அந்த அறைகளை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்டும் இடம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அதே சமயம் துக்கத்தின் காரணத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய இன்னொரு காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அவள் மறுத்தது அவன் வடிவமைத்த உருவத்தை; வலித்தது அவனுக்கு.

மூன்றாவது கட்டத்தில் சாக முயல்கிறான். வண்டியோடு பள்ளத்தில் பாய்கிறான், குளியல் தொட்டியில் மின்சாரத்தை இழுத்துவிடுகிறான், கோபுரத்திலிருந்து குதிக்கிறான். காலை ஆறு மணி, அதே பாட்டு. இல்லாமல் போக நினைப்பதும் வேட்கையின் இன்னொரு முகம்தான், அதுவும் விடுதலை தராது என்று புத்தர் திட்டமாகச் சொல்லியிருக்கிறார். பௌத்தம் சொல்லும் இறுதி விடுதலையான நிர்வாணம் என்றால் அழிந்துபோவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தன்னை அழித்துக்கொள்ளும் ஆசையும் புத்தர் விடச் சொன்ன பட்டியலில் இருக்கிறது.

அப்புறம்தான் திருப்பம். பில் மெல்ல மெல்லச் சுற்றியிருப்பவர்களைப் பார்க்கத் தொடங்குகிறான். தெருவோரத்தில் தினமும் தாண்டிப்போன ஒரு கிழவர் இரவில் இறந்துபோவது தெரிகிறது. அடுத்த நாள் அவருக்குச் சூப் வாங்கிக் கொடுக்கிறான், இறக்கிறார். அதற்கடுத்த நாள் மூச்சு ஊதிப் பிழைக்க வைக்கப் பார்க்கிறான், இறக்கிறார். எத்தனை முறை திரும்பி வந்தாலும், எவ்வளவு முன்கூட்டித் தெரிந்திருந்தாலும், அந்த ஒரு சாவை அவனால் தடுக்க முடியவில்லை. படத்தின் இதயம் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னைக் கடவுள் என்றே சொல்லிக்கொண்டவன் நிலையாமைக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கிறான். அங்கே அவன் உடைந்துபோகவில்லை. முடிந்ததைச் செய்கிறான். மரத்திலிருந்து விழும் சிறுவனைத் தினமும் ஓடிப்போய்ப் பிடிக்கிறான். அந்தப் பையன் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. டயர் வெடித்துத் தவிக்கும் மூதாட்டிகளுக்கு டயர் மாற்றிக் கொடுக்கிறான். பியானோ கற்றுக்கொள்கிறான்.

கடைசியில் ஒரு பிப்ரவரி 2 அன்று அவன் ரீட்டாவை அடைய எந்த முயற்சியும் செய்யவில்லை. நாளை என்ன நடந்தாலும் சரி, இப்போது நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று அவளிடம் சொல்கிறான். மறுநாள் பிப்ரவரி 3 விடிகிறது.

ஊர் அதேதான், மனிதர்களும் அதே மனிதர்கள்தான். வெளியே ஒன்றும் மாறவில்லை. அவனுடைய வேட்கை மட்டும் அடங்கியது. துக்கம் உலகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளாக இருந்திருந்தால் அவனுக்கு விடுதலையே கிடைத்திருக்காது.

கறாரான பிக்கு ஒருவர் இந்த முடிவை ஏற்கமாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவனுக்குக் காதல் கைகூடுகிறது, அந்த ஊரிலேயே குடியிருக்கலாம் என்கிறான். அது இல்லறத்தின் நல்ல தொடக்கம். சம்சாரத்திலிருந்து வெளியேற்றம் ஆகாது. இருந்தாலும் பிறர் துயரைத் துடைப்பதையே பாதையாகக் கொள்ளும் மகாயான போதிசத்துவ லட்சியத்துக்கு இது மிக அருகில் வருகிறது. இயக்குநர் ஹெரால்ட் ராமிஸுக்குப் படம் வந்த பிறகு பௌத்தர்கள், யூதர்கள், கிறித்தவத் துறவிகள் என்று பல தரப்பினரிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. எல்லாரும் இது தங்கள் நெறியைச் சொல்லும் படம் என்றே எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. தன்னை மறந்து பிறரைப் பார்க்கச் சொல்லாத நெறி ஏது?

பற்று: அனாகினின் கனவு

வேட்கை எந்த இடத்தில் பற்றாக இறுகுகிறது? துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைவதைக் காட்டும் பன்னிரண்டு காரணங்களை, அதாவது பன்னிரு நிதானங்களை, மணிமேகலை வரிசைப்படுத்தும்போது 'நுகர்வே வேட்கை பற்றே பவமே' என்று ஒரு கண்ணியைத் தருகிறது. ஓர் அனுபவம் வருகிறது; அதன்மேல் விருப்பம் எழுகிறது; விருப்பம் பிடியாகிறது; அந்தப் பிடி நம்மை இன்னொரு ஆளாக ஆக்குகிறது. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் அனாகின் ஸ்கைவாக்கரின் கதை இதே கண்ணியில் ஓடுகிறது.

தாயை இழந்தவன் அனாகின். 2005இல் வந்த மூன்றாம் பாகத்தில், கருவுற்றிருக்கும் மனைவி பத்மே பிரசவத்தில் இறப்பதுபோலக் கனவு காண்கிறான். பயந்துபோய் குரு யோடாவிடம் போகிறான். இழக்க அஞ்சும் எல்லாவற்றையும் விட்டுவிடப் பழகு என்கிறார் அவர். அனாகினால் முடியவில்லை. சாவையே தடுக்கும் வல்லமை இருக்கிறது என்று ஆசைகாட்டும் பால்படீன் பக்கம் சாய்கிறான். அவளைக் காப்பாற்றுவதற்காகவே கொலைகாரனாகிறான். கடைசியில் அவன் கையே அவள் கழுத்தை நெரிக்கிறது. இழந்துவிடுவோமோ என்று இறுகப் பிடித்த பிடியே இழப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. அன்பையும் பற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அனாகின் பத்மேயை நேசித்ததில் தவறில்லை. அவள் இல்லாமல் தான் இருக்க முடியாது என்ற அச்சம் அந்த நேசத்தை விழுங்கியதுதான் அழிவுக்குக் காரணம்.

ஆனால் யோடாமீது எனக்கு ஒரு குறை உண்டு. அவர் முடிவை மட்டும் சொல்கிறார், அங்கே போய்ச்சேரும் வழியைத் தரவில்லை. இதே சூழலில் புத்தர் என்ன செய்தார் என்பதற்குக் கிசா கோதமியின் கதை இருக்கிறது. இறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து கேட்டு வந்தாள் அவள். விட்டுவிடு என்று புத்தர் சொல்லவில்லை. சாவு நிகழாத ஒரு வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்றார். அவள் வீடு வீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நிகழாத வீடுதான் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவரின் இழப்பைக் கேட்டுக் கேட்டு, மாலைக்குள் தன் பிள்ளையை அடக்கம் செய்யும் மனநிலைக்கு வந்துவிட்டாள். பற்றை விடு என்ற கட்டளையால் ஆகாதது அந்த நடையால் ஆயிற்று. அனாகினையும் யாராவது அப்படி நடக்கவிட்டிருக்கலாம்.

பேதைமை: கரண்டி இல்லை என்றால்?

வேட்கைக்கும் பின்னால் ஒரு வேர் இருக்கிறது. பன்னிரு நிதானங்களில் முதலாவது பேதைமை. உள்ளதை உள்ளபடி காணாதிருப்பது என்று பொருள் கொள்ளலாம். இதைப் பற்றிப் பேசினால் எல்லாரும் 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தைத்தான் சொல்வார்கள். நியோ வாழும் உலகம் முழுவதும் இயந்திரங்கள் அவன் மூளைக்குள் ஓட்டும் ஒரு மாயக் காட்சி. உலகத்தில் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் மட்டும் அவனுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. அந்த உறுத்தல் நான் மேலே சொன்ன மூன்றாம் வகைத் துக்கத்துக்கு மிக நெருக்கமானது.

மொட்டைத் தலையோடு, துறவியின் ஆடைபோன்ற ஒன்றைப் போர்த்தியபடி ஒரு சிறுவன் பார்வையாலேயே கரண்டியை வளைக்கும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். கரண்டியை வளைக்க முயலாதே, கரண்டி என்று ஒன்று இல்லை என்ற உண்மையை உணர், வளைவது நீதான் என்கிறான். நாம் காணும் உலகம் நம் மனம் கட்டமைத்த காட்சி என்று வாதிட்ட பௌத்த யோகாசாரப் பள்ளியை இது நினைவூட்டுகிறது. அந்தப் பள்ளியின் வசுபந்து கனவை உதாரணமாக வைத்துப் பேசியிருக்கிறார்.

ஆனால் என் பார்வையில் அந்தப் படத்தின் மிக ஆழமான பௌத்தக் காட்சி, நியோவின் குழுவில் ஒருவனான சைஃபர் உணவகத்தில் உட்கார்ந்து இறைச்சி சாப்பிடுவதுதான். இந்த இறைச்சி உண்மையில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். நாக்கில் சுவையை உண்டாக்குவது மேட்ரிக்ஸ் என்றும் தெரியும். தெரிந்தே, நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு மாயைக்குள் திரும்பிப் போக விரும்புகிறான். உண்மை தெரிந்தால் போதும், விடுதலை கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சைஃபர் நல்ல பதில். இனிப்பு உடம்புக்கு ஆகாது என்று சர்க்கரை நோயாளிக்குத் தெரியாதா என்ன? அறிவு தலையில் இருக்கிறது, வேட்கை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. அதனால்தான் எண்வகை நெறியில் நற்காட்சி முதலில் வந்தாலும் அதோடு நிற்பதில்லை. எண்ணம், சொல், செயல், பிழைப்பு, முயற்சி, கடைப்பிடி, தியானம் என்று வாழ்க்கை முழுவதையும் பயிற்சிக்குள் கொண்டுவருகிறது.

படம் விலகிப்போகும் இடமும் முக்கியம். மாயை கலைந்ததும் நியோவுக்குக் கிடைப்பது பெரும் ஆற்றல். அவன்தான் 'அந்த ஒருவன்' என்ற பட்டம். பௌத்தம் கலைக்கச் சொல்லும் மாயையில் 'நான்' என்ற எண்ணமும் அடக்கம். உடல், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று ஐந்தின் கூட்டத்துக்கு நாம் 'நான்' என்று பெயர் வைத்திருக்கிறோம், அதற்குள் மாறாத ஒரு ஆள் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அதன் அடிப்படை. 'அந்த ஒருவன் நான்' என்று கண்டுபிடிப்பது ஆட்டத்தின் அடுத்த சுற்றுதான். துப்பாக்கிகளோடு கட்டடத்துக்குள் நுழைந்து காவலர்களைச் சுட்டுத் தள்ளும் காட்சியைக் கொல்லாமை நெறியோடு பொருத்தவும் முடியாது. நல்ல சாகசப் படம். ஞானப் படமாக அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நம் போதிதர்மர்

சினிமா ஞானத்தை ஆற்றலாக மாற்றிவிடும் இந்தப் பழக்கத்துக்குத் தமிழிலேயே பெரிய உதாரணம் உண்டு: 2011இல் வந்த 'ஏழாம் அறிவு'. சீனாவில் ஜென் பௌத்தத்தைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படும் போதிதர்மரின் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குக் கொண்டுசேர்த்த படம் என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அதில் அவர் கொள்ளைநோயைக் குணப்படுத்துகிறார், தற்காப்புக்கலை கற்பிக்கிறார், பார்வையாலேயே எதிரியை வசப்படுத்துகிறார். மனத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் படத்தில் இல்லை.

தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீன நூல் ஒன்று அவரைச் சொல்கிறது. ஜென் மரபு அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளில் சாகசம் குறைவு. லியாங் வம்சத்துப் பேரரசர் வூ, நான் இத்தனை கோயில் கட்டினேன், இத்தனை பிக்குகளை ஆதரித்தேன், எனக்கு என்ன புண்ணியம் என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறார் போதிதர்மர். கொடுத்ததையும் தன் கணக்கில் வரவு வைக்கும் மனத்துக்குக் கிடைத்த பதில் அது. இன்னொரு கதை: ஹுய்க்கே என்ற சீடர், என் மனம் அமைதியில்லாமல் தவிக்கிறது, அமைதிப்படுத்துங்கள் என்று கெஞ்சுகிறார். அந்த மனத்தைக் கொண்டுவா, அமைதிப்படுத்துகிறேன் என்கிறார் போதிதர்மர். தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை என்கிறார் சீடர். சரி, அமைதிப்படுத்திவிட்டேன் என்கிறார் போதிதர்மர்.

தவிக்கும் 'நான்' எங்கே என்று தேடினால் தவிப்பு இருக்கிறது, ஆள் அகப்படவில்லை. மேட்ரிக்ஸ் தவறவிட்ட இடத்தை இந்த இரண்டு வரி உரையாடல் தொட்டுவிடுகிறது. யாராவது இந்த உரையாடலை மையமாக வைத்துத் தமிழில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

சுவர் இல்லாத கதவு

வேண்டுமென்றே பௌத்த வாழ்வை எடுத்துக்கொண்ட படங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொரிய இயக்குநர் கிம் கி டுக் 2003இல் எடுத்த 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்'. ஜுசான்ஜி என்ற ஏரியின் நடுவில் மிதக்கும் சின்னஞ்சிறு கோயில். அதில் ஒரு வயதான துறவி, ஒரு சிறுவன்.

வசந்தத்தில் சிறுவன் ஒரு மீன், ஒரு தவளை, ஒரு பாம்பு ஆகியவற்றின் உடலில் கல்லைக் கட்டிவிட்டுச் சிரிக்கிறான். மறுநாள் எழும்போது அவன் முதுகில் ஒரு கல் கட்டப்பட்டிருக்கிறது. போய் அவற்றை அவிழ்த்துவிடு, ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கல்லை ஆயுள் முழுக்க நெஞ்சில் சுமப்பாய் என்கிறார் குரு. தவளை பிழைத்திருக்கிறது. மீனும் பாம்பும் செத்துக்கிடக்கின்றன. சிறுவன் தேம்பி அழுகிறான். வினைப்பயன் என்றால் மேலே யாரோ தண்டனை எழுதுவது என்று நினைப்பவர்கள் இந்த அழுகையைப் பார்க்க வேண்டும். செய்தவனுக்குள்ளேயே விளைவு முளைக்கிறது.

கோடையில் அவன் இளைஞன். நோய் தீர வந்து தங்கும் பெண்ணோடு காதல். காமம் உடைமையாக்கும் ஆசையை எழுப்பும், அந்த ஆசை கொல்லும் எண்ணத்தை எழுப்பும் என்று குரு எச்சரிக்கிறார். அவன் அவளைத் தேடி வெளியேறுகிறான். இலையுதிர் காலத்தில், மனைவியைக் கொன்றுவிட்டு, அந்தக் கத்தியோடு திரும்பி வருகிறான். மணிமேகலையின் அதே கண்ணிதான்: நுகர்வு, வேட்கை, பற்று.

அப்போது குரு செய்வதுதான் இந்தப் படத்தின் சிகரம். கோயிலின் மரத்தளத்தில் இதய சூத்திரம் முழுவதையும் மையால் எழுதுகிறார். சீன மொழியில் 260 எழுத்துகள். கொலை செய்த அதே கத்தியால் ஒவ்வோர் எழுத்தையும் செதுக்கச் சொல்கிறார். கைதுசெய்ய வந்த இரண்டு போலீஸ்காரர்களும் காத்திருக்கிறார்கள். இரவு முழுக்கச் செதுக்கிவிட்டு அவன் அங்கேயே சரிந்து தூங்கிவிட, அவர்களும் சேர்ந்து எழுத்துகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள். உருவமே வெறுமை, வெறுமையே உருவம் என்று சொல்லும் சூத்திரம் அது. அதன் பொருளை யாரும் அங்கே விளக்குவதில்லை. கோபம் கை வழியாக இறங்கி மரத்தில் கரைவதைப் பார்க்கிறோம். அவன் சிறைக்குப் போகத்தான் வேண்டும். முதல் அம்பிலிருந்து விலக்கு கிடையாது. ஆனால் படகில் ஏறும்போது அவன் வேறு மனிதன்.

அந்தக் கோயிலுக்குள் ஒரு கதவு நிற்கிறது. இருபுறமும் சுவர் இல்லை. சுற்றிக்கொண்டு போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. குருவும் சீடனும் கதவைத் திறந்தே போய் வருகிறார்கள். கோடையில் அந்தப் பெண்ணிடம் போகும் இரவில் மட்டும் இளைஞன் கதவை விட்டுவிட்டு ஓரமாகப் போகிறான். சீலம் என்பது வெளியிலிருந்து போடும் வேலி இல்லை, நாமே ஏற்றுக்கொண்டு நடக்கும் ஒழுங்கு என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார் கிம்.

ஞானத்தைப் படமெடுப்பது ஏன் கடினம்

சினிமாக் கதைக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. நாயகனுக்கு ஏதாவது வேண்டும். அதை நோக்கி அவன் ஓட வேண்டும். தடை வர வேண்டும். வேட்கைதான் கதையை ஓட்டும் எரிபொருள். காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்று நெருப்பும் அணைந்த ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் என்ன காட்டுவது? அதனால் பெரும்பாலான படங்கள் துக்கத்தை நன்றாகக் காட்டுகின்றன, பாதையையும் ஓரளவு காட்டுகின்றன, ஞானத்தை மட்டும் ஒளிவட்டமாகவோ மந்திர சக்தியாகவோ மாற்றிவிடுகின்றன.

இந்தச் சிக்கலுக்கு அகிரா குரோசாவா 1952இலேயே ஒரு விடை கண்டுபிடித்தார். 'இகிரு' படத்தின் வதனாபே நகராட்சி அலுவலகத்தில் சுமார் முப்பது ஆண்டுகளாக முத்திரை குத்திக்கொண்டிருக்கும் அதிகாரி. வயிற்றில் புற்றுநோய், சில மாதங்கள்தான் என்று தெரிகிறது. குடி, கேளிக்கை என்று கொஞ்சம் அலைகிறார். பிறகு, சாக்கடை தேங்கும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக மாற்றக் கோரி அலுவலகம் அலுவலகமாக அலைக்கழிக்கப்பட்ட தாய்மார்களின் மனுவைக் கையில் எடுக்கிறார். அவர் உறுதி கொண்ட அந்த இடத்தில் குரோசாவா கதையை வெட்டிவிடுகிறார். அடுத்த காட்சியில் வதனாபே இறந்துவிட்டார். மீதிப் படம் அவருடைய இழவு வீட்டில் நடக்கிறது.

சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள்: ஏன் அந்த மனிதர் அப்படி மாறினார்? துணை மேயர் அவமானப்படுத்தியபோது ஏன் அவருக்குக் கோபமே வரவில்லை? மனிதர்களை வெறுக்க எனக்கு நேரமில்லை என்று அவர் சொன்னதாக ஒருவர் நினைவுகூர்கிறார். ஞானத்தை நேராகக் காட்டாமல், அது புரியாதவர்களின் பேச்சில் அதன் தடங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார் இயக்குநர். படத்தில் புத்தர் பெயர் சொல்லி யாரும் போதிக்கவில்லை, டால்ஸ்டாயின் தூண்டுதலும் அதற்கு உண்டு. ஆனாலும் நிலையாமையை உணர்ந்த மனம் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் நான் காட்டுவது வதனாபேயைத்தான். அவருக்கு வலி கடைசிவரை இருந்தது. புலம்பல்தான் நின்றுபோயிருந்தது.

இவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் 'கிரவுண்ட்ஹாக் டே'. குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே பார்க்கலாம். அதற்குப் பின் ஒருநாள் அவசரமில்லாத மாலையில் 'இகிரு'. கிம் கி டுக் படத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொடூரமான காட்சிகள் உண்டு, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். எதைப் பார்த்தாலும், நடுவில் எங்காவது நிறுத்தி, இந்தப் பாத்திரம் இப்போது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பிடியால் அதற்கு என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்து முடித்த கையோடு மணிமேகலையின் இரண்டாம் காதையையும் எடுத்துப் படியுங்கள், சின்னக் காதைதான்.